மணல் மூடுன ரோட்டுல முதல் பஸ்

வாயெல்லாம் மணல்...

ஆடி மாசம் அந்த ரோட்டுல நின்னு வாயத் தொறந்தா அப்படித்தான். பல்லுல நறநறன்னு அரைபடும். கடல் பக்கமிருந்து உப்பு வாடை, பனங்காட்டுப் பக்கமிருந்து பயினி, அதான் பதநீ, காய்ச்சுற வாசன. ரெண்டும் சேந்து வரும்.

நான் கண்டக்டரா சேந்த புதுசு. சொந்த ஊரு தாமிரவரணிக் கரை. கடலே அதுக்கு முன்னாடி ரெண்டு தடவதான் பாத்திருப்பேன். எனக்குப் போட்ட ரூட்டு, தூத்துக்குடில இருந்து திருச்செந்தூர், உடன்குடி வழியா மணப்பாட்டுக்குப் பக்கத்துல ஒரு கடக்கர ஊரு. (பேரு வேண்டாம். சொன்னா அந்த ஊர்க்காரங்க கமெண்ட்ல வந்து என்னத் திருத்துவாவ!)

ராத்திரி அங்கனயே ஹால்ட். காலைல ஆறே காலுக்கு முதல் பஸ். அத விட்டா மத்தியானந்தான்.

பிரகாசியக்கான்னு ஒரு மீன்காரம்மா. தெனமும் எனக்கும் அவளுக்கும் சண்ட.

"கூடைய டாப்புல ஏத்துக்கா."

"வெயில்ல மீன் கெட்டுப்போவாதா? ஒங்க வயக்காட்டுல மீன பாத்திருக்கீரா நீரு?"

பஸ்ஸே சிரிக்கும். எனக்கு மூஞ்சி செவந்துரும்.

அந்த வாரம் காத்து பேய்க்காத்து. ராத்திரியில மணல் நவுந்து வந்து ரோட்ட மூடிரும். பஸ் ரெண்டு தடவ மாட்டிக்கிச்சு. டிப்போல கண்டிஷனா சொல்லிட்டாவ... "இன்னொரு தடவ மாட்டுச்சுன்னா அந்த ட்ரிப்பே கட். உடன்குடியோட திரும்பிரணும். ஒனக்கு மெமோ."

மறுநாள் காலைல பிரகாசியக்கா கூடை இல்லாம வந்தா. பக்கத்துல மக ஜெனோவா. இஸ்திரி போட்ட வெள்ளத் தாவணி, கையில ஒரு ஃபைல். தூத்துக்குடில நர்ஸ் ட்ரெய்னிங்குக்கு இன்டர்வியூ, பத்து மணிக்கு. அந்த ஊர்லயிருந்து அப்படிப் படிக்கப் போற முதல் பொண்ணு.

ஊரத் தாண்டி ஒரு மைல் போயிருப்போம். பஸ் நின்னுட்டு. முன்னால ரோட்டக் காணோம்! நூறடிக்கு ஒரே மணல்.

டிரைவர் சுடலமுத்து அண்ணாச்சி இறங்கிப் பாத்துட்டு வந்தாவ.

"என்ன அண்ணாச்சி, போவலாமா?"

"எனக்கென்னலே தெரியும்... விசில் ஒங்கிட்டல்லா இருக்கு."

போயி மாட்டுனா ஊருக்கே பஸ் கிடையாது. போவலன்னா இந்தப் பிள்ளைக்கு இன்டர்வியூ கிடையாது.

பிரகாசியக்கா எங்கிட்ட வந்தா. சண்டைக்கு வாரான்னு நெனச்சேன். அவ குரலே வேற மாதிரி இருந்துச்சு.

"தம்பி... இனிமே எங்கூடைய டாப்புலயே வச்சிக்கிடுங்க. எம்மொவள மட்டும் எப்படியாவது கொண்டு சேத்துருங்க."

அவ்வளவு நாளும் என்னத் தம்பின்னு கூப்பிட்டதே இல்ல. அதுக்குள்ள ஜெனோவா செருப்பக் கையில எடுத்துக்கிட்டு மணல்ல நடக்க ஆரம்பிச்சுட்டா. காத்துக்கு எதுக்க, ஃபைல நெஞ்சோட அணைச்சிக்கிட்டு. உடன்குடிக்கு எத்தன மைலுன்னு அவளுக்குத் தெரியாதா என்ன...

எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. பக்கத்துல பனங்காட்டுல பொக வந்துச்சு. ஓடுனேன். கருப்பட்டி காய்ச்சுற தங்கத்துரை அண்ணாச்சி குடிச. மம்பட்டி இருக்கான்னு கேக்கத்தான் போனேன். அவரு வீட்டுக்காரி அடுப்புக்கு எரிக்க காஞ்ச பனையோலைய மலையா குமிச்சி வச்சிருந்தாவ.

"மம்பட்டி ஒண்ணுதான் இருக்கு. நூறடிய என்னைக்கு வெட்டி முடிப்பிய? ஓலைய விரிச்சி அது மேல ஓட்டுங்க."

"அக்கா, ஒங்க அடுப்புக்கு...?"

"ஒருநா அடுப்பு எரியலன்னா என்ன இப்போ? தூக்குங்க!"

அதுக்கப்புறம் யாரு என்ன செஞ்சாவன்னு சொல்ல முடியல. பஸ்ல இருந்த அம்புட்டு பேரும் இறங்கியாச்சு. மீன்காரம்மாமாரு கூடைய ஓரமா வச்சிட்டு அலுமினியச் சட்டியால மணல அள்ளுதாவ. தங்கத்துரை அண்ணாச்சியும் ரெண்டு மகன்மாரும் ஓலையச் சுமந்து வந்து போடுதாவ. ஆளு ஏறி நின்னு மிதிக்குது. நான் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே கையால வாரிப் போட்டேன்.

காலி பஸ்ஸுக்கு விசில் அடிச்சேன். என் சர்வீஸ்ல அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் அப்படி ஒரு விசில் அடிச்சதில்ல.

ஓலை மடமடன்னு ஒடியுது. பின்சக்கரம் ஒரு எடத்துல சுத்திக்கிட்டே நின்னுச்சு பாருங்க... நாப்பது கை சேந்து ஒரு தள்ளு! ஏறிட்டு.

முன்னால நடந்துக்கிட்டிருந்த ஜெனோவாவ வழியில ஏத்திக்கிட்டு, ஒம்போதே முக்காலுக்கு தூத்துக்குடில இறக்கி விட்டோம். பஸ் ஸ்டாண்ட் குழாயில மூஞ்சியக் கழுவிட்டு ஓடுனா.

டிப்போல, வண்டிக்கு அடியில ஓலை சொருவிக் கெடந்தத மேனேஜர் பாத்துட்டாரு. "என்னய்யா இது?"

சுடலமுத்து அண்ணாச்சி சாவகாசமா சொன்னாவ, "பஸ்ஸு மாட்டல சார். மாட்டுனாத்தான கட்டு?"

அவருக்கே சிரிப்பு வந்துட்டு. மெமோ வரல. ட்ரிப்பும் நிக்கல. காத்து ஓயுற வரைக்கும் தெனமும் விடியக்காலம் கடக்கர ஆளும் பனங்காட்டு ஆளும் வந்து ரோட்டு மணலத் தள்ளி வச்சாவ. யாரும் போய்க் கேக்கல.

ஜெனோவாவுக்கு சீட்டு கெடச்சிது. தூத்துக்குடியிலயே நர்ஸா இருந்து ரிட்டயர்டும் ஆயிட்டா. பிரகாசியக்கா கூடைய நான் ஒருநாளும் டாப்புல ஏத்தல. சண்ட மட்டும் வழக்கம்போல நடந்துச்சு!

போன மாசம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இப்போ ரோட்ட உசத்திப் போட்டு, ஓரமா சவுக்கு வச்சிருக்காங்க. மணல் அவ்வளவா வாரதில்ல. எல்லார்ட்டயும் பைக் இருக்கு, வழில யாரும் யாருக்காவயும் நிக்க வேண்டியதில்ல. அது ஒண்ணுதான் கொஞ்சம் ஒரு மாதிரியா இருந்துச்சு...

திரும்பி வர ஆசையா முதல் பஸ்ஸையே பிடிச்சேன். உட்கார எடமில்ல. முழுக்க பொம்பளப் பிள்ளைக. காலேஜ், நர்ஸிங், பாலிடெக்னிக்... ஆளுக்கொரு பை, ஒரே பேச்சு.

ஒரு பிள்ள எந்திரிச்சி, "தாத்தா, உக்காருங்க"ன்னு சொன்னா.

"நீ இருந்து படிம்மா. எனக்கு பஸ்ல நின்னுதான் பழக்கம்"னேன்.

தூத்துக்குடி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வந்தேன். கால் வலிக்கவே இல்ல.