தோற்றவருக்குக் கிடைத்த வழி

காலை ஆறரை மணி. வில்லியனூர் அருகே ஒரு வயலோரம், உள்ளே போக வழியின்றி அறுப்பு இயந்திரம் நின்றதைத்தான் முதலில் பார்த்தேன். பின்வயலில் சவரிமுத்துவின் நெல் முற்றிச் சாய்ந்திருந்தது. கையால் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. முன்வயல் தேவராஜுடையது. அதன் வழியே வண்டி ஓட்டிச்செல்ல உரிமை கேட்டுச் சவரிமுத்து போட்ட வழக்கு முந்தைய நாள்தான் தள்ளுபடியானது. நாளிதழில் தீர்ப்புகளைப் பற்றி எழுதுகிற நான், தோற்றவரின் கருத்தைக் கேட்கப் போயிருந்தேன்.

அப்போது தேவராஜ் அரிவாளோடு வந்தார். தன் வயலோரம் வண்டி அகலத்துக்கு நெல்லை அறுக்கத் தொடங்கினார்.

"இன்னாடா பண்ற?" என்றார் சவரிமுத்து.

"கேசு நடக்கறப்ப வழி வுட்டிருந்தா, அதையே உரிமைன்னு உன் வக்கீல் சொல்லியிருப்பாரு. இப்பதான் உனக்கு உரிமை இல்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே. இனிமே நானா வுடலாம். மிஷின ஓட்டச் சொல்லு."

"இது தெரிஞ்சிருந்தா மொதல்லயே தோத்திருப்பேனேடா!"

இயந்திரத்தின் டிரைவர் சிரித்துவிட்டார், நானும்தான். உரிமையை மறுக்கும் ஒரு தீர்ப்பு தயவுக்கு இடம் விடக்கூடும் என்று, இத்தனை தீர்ப்புகளைப் படித்தும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மதியத்துக்குள் சவரிமுத்துவின் நெல் டிராக்டரில் ஏறிவிட்டது.