உப்பங்கரையில் அப்பா

தங்கை பையிலிருந்து எடுத்து வைத்ததை அம்மா முருங்கைக்காய் என்றே நினைத்துவிட்டார். பச்சையாய், ஒரு சாணுக்கும் கூடுதலான நீளத்தில், நுனி கூர்ந்து இருந்தது. பொங்கல் விடுமுறைக்குக் கடலோரத்திலிருந்து வந்திருந்தாள். “இது காயில்லீங்கம்மா, மரக்கன்னு. மரத்துல தொங்கும்போதே முளைச்சுரும். கீழ உழுந்தா நேராச் சேத்துல குத்தி நின்னுக்கும்” என்றாள். சுரபுன்னை என்று பெயர் சொன்னாள். சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம், துணி துவைக்கிற கல்லருகே, பழைய பெயிண்ட் வாளியில் களிமண்ணைக் குழைத்து அதை நட்டாள். கடல் மரமாயிற்றே என்று அம்மா ஒரு கைப்பிடிக் கல்லுப்போடு வந்தபோது, சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதுக்கு உப்பு வேணும்னு இல்லீங்கம்மா. உப்பு இருந்தாத் தாங்கிக்கும். அவ்வளவுதான்.”

தாவரவியல் படித்துவிட்டு, டெல்டாவின் கடைசியில் ஒரு மீனவக் கிராமத்தை ஒட்டி அலையாத்திக் காடு வளர்க்கும் வேலையில் அவள் சேர்ந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் வெயிலில் காய்ந்து ஓய்வு பெற்றவர் அவர். மகளாவது மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். “படிச்ச புள்ள இடுப்பளவு சேத்துல நிக்குதுன்னு யாருகிட்டச் சொல்றது?” என்று எங்களிடம் அலுத்துக்கொள்வார். ஆனால் அவள் அனுப்பும் படங்களை ஜங்ஷன் எதிரே டீக்கடையில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த நிலத்தை நான் முதலில் படத்தில்தான் பார்த்தேன். எப்போதோ காடாய் இருந்து, வெட்டப்பட்டு, அலைநீர் ஏறி இறங்க வழியில்லாமல் உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்தது. மீன்முள் போல நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால்கள் வெட்டி, கடல்நீர் வந்து வந்து போகும்படி செய்து, கரையோரமாய்க் கன்றுகளை ஊன்றுவார்கள். ஊர்ப் பெண்கள் அவளோடு வேலை செய்தார்கள். முதல் ஆண்டு வாய்க்காலின் முகத்தை மணல் மூடிவிட்டது. தேங்கிய நீர் வெயிலில் சுண்டி, வேரடியில் உப்பு ஏறி, கன்றுகள் எல்லாம் கருகிப்போயின. தொலைபேசியில் அவள் அழுததை அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “தூர் வாரிட்டு மறுக்கா வெய்யி சாமி” என்றார். அவர் அந்த வேலையை ஒப்புக்கொண்டது அன்றுதான். மறு ஆண்டு வைத்தவை பிழைத்தன.

அதற்கடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நடவு நேரம் என்று மாத்திரை போட்டுக்கொண்டே வேலை பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தபோது கண் மஞ்சளித்திருந்தது. சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு வாரத்துக்குள் அவள் எங்களோடு இல்லை.

காரியம் முடிந்து, அவளுடைய பொருட்களை எடுத்துவர அப்பாவும் நானும் போனோம். வாளியிலிருந்த சுரபுன்னையை அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவளோடு வேலை செய்த பெண்களில் மூத்தவர் எங்களைப் படகில் அழைத்துப் போனார். “பாப்பா ஊருக்குப் போறப்ப வாய்க்கா மொகத்தப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போச்சுங்கய்யா. மறுபடி மணலு மூடுது” என்று தயங்கிச் சொன்னார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். படகிலிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கடலில் அதுவரை கால் நனைக்காத மனிதர். அன்று மாலைவரை அவர் கரையேறவில்லை. வாளிக் கன்றையும் அங்கேயே ஊன்றிவிட்டு வந்தோம்.

அதன் பிறகு மாதந்தோறும் போனார். தூர் வாரினார், பட்டுப்போன இடங்களில் புதுக் கன்று வைத்தார், மாடுகள் இறங்காதபடி வேலி கட்டினார். மகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் யாராவது அவள் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவார். அம்மா தன் அழுகையைத் தனியாகவே அழுதார். ஒருமுறை அப்பா பையைத் தூக்கியபோது வாசலை மறித்துக்கொண்டு கேட்டார்: “ஏனுங்க, எம்புள்ள இங்கதானுங்க செத்தா. அங்க போயி யாரத் தேடறீங்க?” அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “தண்ணி நிக்குதாம். வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சில ஆண்டுகளில் மரங்கள் ஆள் உயரம் தாண்டி, தாங்குவேர்கள் இறங்கி, வாய்க்காலின் இருபுறமும் அடர்ந்து இருண்டன. போன ஆண்டு நானும் அவரோடு போயிருந்தேன். படகு உள்ளே போகப் போக, மரங்களின் அடியில் சேற்றில் சின்னச் சின்னதாய்ப் பச்சைக் குச்சிகள் நிற்பதைப் பார்த்தார். உச்சியில் இரண்டு இலைகள். அப்பாவின் முகம் சுருங்கியது.

“இதெல்லாம் யாருங்க வெச்சது? இவ்ளோ நெருக்கி வெக்கலாமா?”

படகில் உடன் வந்த அந்த மூத்தவர் சிரித்தார். “யாரும் வெக்கலங்கய்யா. மரமெல்லாம் காய்ச்சிருச்சுல்ல, தானா விழுந்து மொளச்சிருக்கு. இனிமே இது தன்னத் தானே பாத்துக்கும்.”

அவர் மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். அப்பா தலையாட்டினார். பிறகு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “அப்ப எனக்கு இங்க வேலை இல்ல” என்றார். திரும்பி வரும்போது ரயிலில் ஒன்றும் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் அவர் புறப்படவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா வந்து எதிரே தரையில் உட்கார்ந்து, ஒரு காயை எடுத்து நார் உரித்தபடியே கேட்டார்.

“அன்னிக்குக் காலைல நான் எளநி வாங்கப் போனனே. புள்ள என்ன சொன்னா?”

இத்தனை ஆண்டுகளில் அவர் கேட்காத கேள்வி. இளநீரோடு அவர் மருத்துவமனை மாடியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த அறையில் அப்போது இருந்தது அம்மா மட்டும்தான். அம்மாவின் கை நின்றது. பதில் வெகு காலமாய் அவரிடம் தயாராக இருந்திருக்க வேண்டும், குரல் நடுங்கவில்லை.

“‘அப்பா எங்கம்மா’ன்னு கேட்டா. ‘எளநி வாங்கப் போயிருக்காரு சாமி, வந்துருவாரு’ன்னேன். ‘செரி’ன்னா. அவ்வளவுதானுங்க.”

“செரின்னா சொன்னா?”

“ஆமாங்க. ‘செரி’ன்னா.”

அப்பா உரித்த காயைத் தட்டில் போட்டார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி, வாய்விட்டு அழ ஆரம்பித்தார். அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்து அவர் அருகில் உட்கார்ந்தார்.