பழனிக்குப் போகாத முடி

"முடிதானே, வளராதா?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். மாமாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அதை இந்தக் கேள்வியால் மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். வளரும். மாதத்துக்கு அரை அங்குலம். அதை யாரும் மறுக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் நிதானமானவள் என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு கேள்வி காதில் விழுந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. உடுமலைப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு விசா வாங்கிக்கொண்டு நியூஜெர்சிக்கு வந்தவர், பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே தங்கினார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட்; சனிக்கிழமையும் வேலை. அப்பாவுக்குச் சனிக்கிழமை தூங்குகிற நாள். அதனால் அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொள்வது மாமாவின் பொறுப்பு.

அவருடைய ஆபீஸ் கட்டடத்தில் ஏசி, ஹீட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஒரு ஜமைக்காக்காரர். அறுபது வயதிருக்கும். சாம்பல் நிறச் சடைகளைக் கம்பளித் தொப்பிக்குள் சுருட்டி வைத்திருப்பார். லஞ்ச் ரூமில் மாட்டுக்கறி சூடு பண்ணுகிற வாடை பொறுக்காமல் மாமா தன் தயிர்சாத டப்பாவைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ட்டுக்குப் போனால், அதே காரணத்துக்காக அந்தப் பெரியவரும் அங்கே தன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் ராஸ்தஃபாரி என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் ஜமைக்காவில் கண்டடைந்த வழி அது. எத்தியோப்பிய மன்னரில் கடவுளைக் கண்டவர்கள். தங்களை விற்று வாங்கிய உலகத்துக்குப் பாபிலோன் என்று பெயர் வைத்தவர்கள்.

இதில் உடுமலைக்காரருக்கு என்ன வேலை என்று எல்லோரும் கேட்டார்கள். மாமா ஒரு தடவைதான் பதில் சொன்னார். அவரை இங்கே கொண்டுவந்த கம்பெனி அவருடைய சர்டிபிகேட்டுகளை எல்லாம் வாங்கிப் பூட்டி வைத்திருந்தது. சொல்கிற ஊருக்குப் போகவேண்டும், காட்டுகிற நாற்காலியில் உட்காரவேண்டும். "என்னைய ஒருத்தன் இன்னொருத்தனுக்கு வாடகைக்கு விட்டிருக்கான் மச்சான். இதச் சொன்னப்போ அவர் ஒருத்தர்தான் சிரிக்கல" என்றார் அப்பாவிடம். அப்பா சிரித்தார்.

சனிக்கிழமைகளில் மாமா என்னை ஈஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில் இருந்த பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போவார். அவர் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடித்தால் முரசு தட்டிப் பாடுவார்கள். புதிதாக வருகிற எவரையும் பெரியவர் முதலில் விரட்டத்தான் பார்ப்பார். புகைக்க வந்தாயா, பாட்டுக் கேட்க வந்தாயா, இரண்டுக்கும் வேறு இடம் இருக்கிறது, போ என்பார். பிள்ளைகள் இருந்த அந்த அறையில் ஒரு நாளும் புகை எழுந்ததில்லை. ‘கஞ்சாக் கூட்டம்’ என்று என் வீட்டார் சொல்லிக்கொண்டே இருப்பதால் இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. விரட்டியும் போகாமல் நின்றவர்களுக்கு மட்டும் அவர் வழி சொன்னார். மாமாவுக்கு மறதி அதிகம். எனக்கோ எதற்கும் பட்டியல் போடுகிற பழக்கம் அப்போதே உண்டு. அதனால் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண் போட்டு எழுதிக்கொண்டது நான்.

ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு கேள். நாளுக்கு ஒரு அதிகாரம் பைபிள் படி; பிடிக்காத இடத்தையும் படி. மாமிசமும் மதுவும் வேண்டாம். மண்ணிலிருந்து வந்ததை வந்தபடி சாப்பிடு. டப்பாவில் அடைத்ததையும் உப்பையும் விடு. எவனையும் எஜமான் என்று கூப்பிடாதே. முடியிலிருந்து தொடங்காதே, முடி கடைசி. உன் வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கே வராதே. இப்படிப் பதினோரு வரிகள். வீட்டாரைப் பற்றிய வரியை மாமா அடிக்கோடிடச் சொன்னார்.

அப்படியானால் முடியை எப்போதுமே வெட்டக்கூடாதா என்று நான்தான் கேட்டேன். சின்னப் பெண் கேட்ட கேள்விக்குப் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைபிளில் பக்கம் புரட்டிக் காட்டினார். பழைய காலத்தில் விரதம் எடுத்தவர்கள் சவரக்கத்தி படாமல் முடி வளர்த்தார்கள். விரதம் நிறைவேறியதும் கடவுள் சன்னிதியில் மழித்து, பலி எரிகிற நெருப்பிலேயே அதைப் போட்டார்கள். விரதம் முடிந்ததா என்று எடுத்தவன்தான் சொல்லவேண்டும், பக்கத்தில் நிற்பவன் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். நோட்டில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. ‘பன்னிரண்டு: கடவுளுக்காக என்றால் வெட்டலாம்’ என்று எழுதினேன். மிச்சத்தை விட்டுவிட்டேன்.

வீட்டில் முதலில் பெரிய சண்டை ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை. மாமா கொண்டுவந்த மன்னர் படத்துக்குப் பூஜை அலமாரியில் முருகனைக் கொஞ்சம் நகர்த்தி அம்மாவே இடம் கொடுத்தாள். தகராறு உப்பில் தொடங்கியது.

"நான் வெச்ச கொழம்பத் தொடாம எந்திரிக்கற. உப்புப் போட்டுத்தானடா உன்னைய வளத்துனோம்?"

"அதான் வளந்துட்டனேக்கா. இனி எதுக்கு?"

நான் சிரித்தேன். அம்மா கரண்டியை சிங்க்கில் வீசினாள்.

பெரியவர் சொன்னபடி ஒரு வருடம் பொறுத்துத்தான் மாமா சீப்பைக் கீழே வைத்தார். அடுத்த ஒன்றரை வருடத்தில் முடி தோளைத் தொட்டுத் திரிதிரியாகச் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஒரு ஆன்ட்டி, "தம்பிக்குச் சடை விழுந்திருக்கே, ஊர்ல அம்மனுக்கு ஏதாச்சும் பாக்கி இருக்குதா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஊரில் இப்படிச் சடை விழுந்த ஒருவர் தெருவில் வந்தால் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவாள். தம்பியின் தலையில் விழுந்ததும் அது மானக்கேடாகிவிட்டது.

எனக்குப் பதினொன்று முடிந்த அந்தக் கோடையில் பக்கத்தில் எடிசன் என்ற ஊரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். "வரட்டும். இப்படியே பாத்துட்டுப் புடிச்சுதுன்னாச் சரி" என்றார் மாமா. அம்மா கெஞ்சினாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு ஒருநாள் சமையலறையில் என்னிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"பாப்பா, உன்ற லிஸ்ட்ல முடிய எப்ப வெட்டலாம்னு ஏதாச்சும் போட்டிருக்குதா?"

ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து பன்னிரண்டாவது வரியைப் படித்துக் காட்டினேன். அம்மா என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமா ஆபீஸிலிருந்து வந்தபோது அம்மா போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"தம்பி, அப்பாவுக்கு நெஞ்சு வலிடா. கோயமுத்தூர்ல அட்மிட் பண்ணியிருக்காங்களாம். ஐசியூல வெச்சிருக்காங்க."

மாமா ஷூவோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "போனப் போடுக்கா."

"லைனே கிடைக்க மாட்டேங்குது, எத்தன தடவ டிரை பண்ணிட்டேன்! நான் பழனிக்கு வேண்டிக்கிட்டேன்டா. அப்பா பொழச்சுக்கிட்டா உன்ற முடியக் குடுக்கறதா. தப்பாடா?"

நம்மில் ஒருவர் முடியை இன்னொருவர் நேர்ந்துகொள்ளலாம். குழந்தையின் முடியைத் தாய், கணவன் முடியை மனைவி, தம்பி முடியை அக்கா. தலைக்குச் சொந்தக்காரரை யாரும் கேட்பதில்லை. மாமா போனை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் பெரியவரிடம் பேசினார். வெளியே வந்து, "வெட்டுங்க மச்சான்" என்றார்.

அப்பாவிடம் முடி வெட்டுகிற மெஷின் இருந்தது. அது ஏற்கெனவே சார்ஜ் ஏற்றித் தயாராக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. மாமா பாத்டப்பில் சட்டையில்லாமல் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அன்றைய அதிகாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். விழுந்த சடைகளை நான் ஒவ்வொன்றாக எடுத்து நியூஸ்பேப்பரில் வைத்தேன். பதினேழு. அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. "தாத்தா பொழச்சுக்குவார் கண்ணு" என்று எனக்குத் தைரியம் சொன்னார். அம்மா தலைக்குச் சந்தனம் அரைத்து வந்தாள். அரைத்து வந்தாள், பூசியும் விட்டாள்.

"அக்கா, முடிய மஞ்சத் துணில கட்டி வை. ஊருக்குப் போறவங்க யாருகிட்டயாச்சும் குடுத்து விடோணும்" என்றார் மாமா. அம்மா தலையாட்டினாள்.

மறுநாள் தாத்தாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்ததாகச் சொன்னாள். மாமா டிக்கெட் போடுகிறேன் என்றபோது, இப்போது பதறவேண்டாம் என்றாள். மாமா அன்று முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். மொட்டைத் தலையைப் பார்த்துப் பெண்ணின் அப்பா பூரித்துப்போனார். "பழனி மொட்டைங்களா? அமெரிக்கா வந்தும் இப்படி ஒரு பையனா!"

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லீங்க. அதுக்கு நேந்துக்கிட்டது" என்றார் மாமா.

"அப்பாவுக்கா? முந்தாநேத்து நானே பேசினேனுங்களே! தோப்புக்குத் தண்ணி விட்டுட்டு இப்பத்தான் வந்து உக்காந்தேன்னு கணீர்னு சொன்னாருங்க."

பஜ்ஜித் தட்டோடு நின்ற அம்மா அப்படியே நின்றாள். அப்பா அணைத்து வைத்திருந்த டிவியைப் பார்த்தார். மாமா மெதுவாகத் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அக்கா, முடி எங்க?"

கேள்விக்குப் பதில் தெரிந்தால் சும்மா இருக்க முடியாத பிள்ளை நான். "டாடி கார்பேஜ்ல போட்டாரு. ஃப்ரைடே மார்னிங் டிரக் வந்துச்சு" என்றேன்.

மாமா கத்தவில்லை. கத்தியிருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். எழுந்து, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டு, உங்கள் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அவர்கள் போனதும் அம்மா கதவுக்கு வெளியே நின்று, "உன்ற நல்லதுக்குத்தானடா!" என்றாள்.

அன்றைக்கே நான் அவரிடம் போய்ப் பன்னிரண்டாவது வரியைப் படித்துக் காட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். "கேட்டாங்க, சொன்ன. நீ தப்புப் பண்ணல கண்ணு. இந்த வீட்டுல பொய் சொல்லாத ஒரே ஆளு நீதான்" என்றார். அந்த வாக்கியத்தை நான் மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாதமே மாமா டெக்சாஸில் ஒரு ப்ராஜெக்ட்டுக்குப் போய்விட்டார். அம்மா போன் செய்தால் இரண்டு வார்த்தை. என்னிடம் மட்டும் அரை மணி நேரம் பேசுவார். முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கியிருப்பதாகச் சொன்னார்.

இலை உதிர்ந்துகொண்டிருந்த ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போன் பேச்சுச் சத்தம் கேட்டது. மாமாவாக இருக்கும் என்று படுக்கையறையில் அதே லைனில் இருந்த இன்னொரு போனை எடுத்தேன்.

"அப்பாவுக்கு முடியலடா தம்பி. நெஞ்சு வலி. கோயமுத்தூருக்குக் கொண்டு போயிட்டிருக்காங்க. டிக்கெட் போடுடா."

அதே நெஞ்சு, அதே கோயமுத்தூர், அதே அழுகை.

"இந்தத் தடவ என்னக்கா வேணும்? மீசையா?"

"சத்தியமாடா! முருகன் மேல சத்தியமா!"

"அன்னைக்கும் அவர் பேரத்தானக்கா சொன்ன."

மாமா மூச்சு விடுவது கேட்டது. அவர் மனம் இளகுகிறது, மறுபடியும் நம்பப் போகிறார் என்று எனக்குப் பட்டது. இந்தத் தடவை விடக்கூடாது என்று நினைத்தேன்.

"மாமா, டோன்ட் பிலீவ் ஹெர்," என்றேன். "ஷி இஸ் டூயிங் இட் அகெய்ன்."

"சரி கண்ணு" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அம்மா அன்றிரவே தனியாக விமானம் ஏறினாள். மூன்றாம் நாள் தாத்தா இறந்தார். செய்தி கேட்ட மாமாவை, ஏர்போர்ட்டுக்கு உடனே ஓடு என்று அந்த ஜமைக்காப் பெரியவர் போனில் விரட்டினார்; அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொள்ளி வைத்து முடித்திருந்தான்.

பெற்ற அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராதவன் என்று சொந்தம் முழுவதும் பேசியது. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதில் சொன்னாள்: "அவன் போய்ச் சேந்த மதத்துல பொணத்துக்கிட்டப் போகக் கூடாதாமா. அதான் வரல." எடிசனில் சொன்னாள், உடுமலையில் சொன்னாள், கோயிலில் வரிசையில் நின்றுகொண்டு சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வெறுப்பு ஏறியது. பதினாலு வயதில் ஒருநாள், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, "அது பொய். அவர் வராததுக்குக் காரணம் நீ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, யாருக்கெல்லாம் காபி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

மாட்டிக்கொண்டாள், பதில் இல்லை என்று எனக்கு அத்தனை திருப்தி. அன்றைக்குப் போனில் நான் சொன்னது டெக்சாஸில் மட்டுமல்ல, கூடத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் காதிலும் விழுந்திருக்கும், அதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.