மண்ணாங்கட்டி மருமகள்

மருமகள் போனில் யாரிடமோ வாக்குவாதம் செய்துகொண்டே மண்ணை உருட்டிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் தெளித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே கயிறுபோலத் திரித்து, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிடுகிறார். பொசுக்கென்று அறுந்தால் மணல் அதிகம். அறுந்து விழவே மறுத்தால் களிமண் அதிகம். "ரொம்ப ஒட்டுது, காய்ஞ்சா வெடிச்சிரும்" என்று போனில் இருப்பவரிடமே சொல்லிவிடுகிறார். அவருக்கு என்ன புரிந்ததோ.

கட்டடக்கலை படித்தவர். மண், கல், மூங்கில், சுண்ணாம்பு தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நிற்பவர். கைப்பையில் சீப்பைத் தேடிக் கைவிட்டால் செம்மண் உருண்டைதான் வரும். சலவை இயந்திரம் அடைத்துக்கொண்டால் வீட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் வாழ்க்கைப்பட்டது சிமெண்ட் கடைக்காரர் வீட்டில். 'மண்ணாங்கட்டி' என்று பெயர் வைத்ததே மாமனார்தான். மருமகள் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் பெயரையே பெரிய எழுத்தில் எழுதித் தன் அலுவலக வாசலில் மாட்டிவிட்டார். "நம்ம பாஷைல மண்ணுக்கு நல்ல பேரே கிடையாது. கெட்டா மண்ணாப் போச்சு, தோத்தா மண்ணைக் கவ்வினான், புரியலன்னா மண்டைல களிமண்ணு. சிமெண்டாப் போன்னு யாரும் திட்டி நான் கேட்டதில்ல" என்பார்.

சாப்பாட்டு மேசையில் இது தினப்படி நடக்கும். "மழையில கரையிற பொருளை வச்சுக் கட்டுறியே, சர்க்கரையிலயும் கட்டிப் பாரேன்" என்று மாமனார் சீண்டுவார். "எறும்பு வரும் மாமா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். கணவர் மதில்மேல் பூனை. எந்த மதில், மண்ணா சிமெண்டா என்று கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவார்.

தெருமுனைச் சிறுவர் படிப்பகம் இவர் கட்டியது. கருங்கல் அடித்தளம், அதன்மேல் மண் சுவர். நிர்வாகக் குழுவின் தலைவர் மாமனார். சமீபத்தில் தெருப்பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரம் ஏறி மண் உதிரத் தொடங்கியது. உடனே சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசிவிடுவதென்று குழு முடிவெடுத்தது. பூசினால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் ஊறிக் கெடும். கெட்டால் இந்தப் பக்கத்தில் எவரும் மண்ணில் கட்டச் சொல்லி இவரிடம் வரமாட்டார்கள்.

சேதி கேட்டு, வேறொரு கூட்டத்துக்கு உடுத்தியிருந்த வெளிர்நிறச் சேலையோடு அப்படியே போய் நின்றார். கொத்தனார் கலவை குழைத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் மாமனார். சுவரை ஒட்டிப் புதிதாக ஒரு ரோஜாப் பாத்தி. மாமனாரின் அன்பளிப்பு, அவரே வந்து தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். கருங்கல் மொத்தமும் மறையும்படி பாத்தி மண்ணைக் குவித்திருந்தார்கள். அந்த ஈரம் நேரே சுவருக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"கல்லு எங்க மாமா?"

"பார்க்க நல்லால்லன்னு மூடினேன்."

"சுவரோட கால் நனையக் கூடாதுன்னுதான் அந்தக் கல்லையே வச்சேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். பிள்ளைங்க உட்கார்ற இடம். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? தள்ளு, அவரு பூசட்டும்."

"தள்ள மாட்டேன். பூச்சு வேண்டாம். பாத்திதான் போகணும்."

"என் ரோஜா மேல கை வச்சே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

கொத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கலவை இறுகுதுங்க. பூசவா, வேண்டாமா?"

மருமகளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மாமனாரை இத்தனை காலமும் சிரித்துக்கொண்டேதான் எதிர்த்திருக்கிறார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தியில் மண்டியிட்டார். நன்றாகப் பூத்து நின்ற செடியாகப் பார்த்து, அடியில் இரு கைகளையும் விட்டு, வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்தெடுத்தார். எழுந்து, சேறு சொட்டச் சொட்ட அதை மாமனாரின் வெள்ளைச் சட்டைக்கு நேரே நீட்டினார்.

"பிடிங்க மாமா. இன்னும் நிறைய இருக்கு."

அவர் பிடித்துக்கொள்ளும் வரை நீட்டிய கையை மடக்கவில்லை.