இல்லத்துக்கு வந்த பருத்தி

1961 ஏப்ரல், நாலாவது சனிக்கிழமை. அன்றைய என் குறிப்பு இவ்வளவுதான்: "செய்தித்தாள் வாசித்தேன். மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். எப்போதும்வென்றான் ஆச்சி இன்றும் சாப்பிடவில்லை."

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. ஊருக்கு வெளியே, கழுகுமலை போகிற சாலையில், கன்னியர் சிலர் ஒரு முதியோர் இல்லம் நடத்தினார்கள். பெண்கள் மட்டும் இருந்த இல்லம். கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், இந்துக்களும் இருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தார்களோ அந்த ஊர் ஆச்சி. எப்போதும்வென்றான் என்பதும் அந்தப் பக்கத்து ஊர்தான். இல்லத்தின் தலைவியை எல்லாரும் மதர் என்றார்கள். அவர்தான் என்னிடம், "சோறு போடுதோம், துணி துவைச்சுக் குடுக்கோம். பொழுதுதான் போக மாட்டேங்குது அவங்களுக்கு. சனிக்கிழமை வந்து ஏதாவது செய்யுங்க டீச்சர்" என்று கேட்டவர்.

எனக்குத் தெரிந்தது வாசிப்பு. அந்த மாதம் ரஷ்யாக்காரர் ஒருவர் விண்கலத்தில் பூமியைச் சுற்றி வந்திருந்தார். அதைப் பத்தி பத்தியாக வாசித்தேன். கழுகுமலை ஆச்சி மட்டும் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்டாள்.

"சுத்திட்டு எங்கன வந்து எறங்குனாரு?"

"அவங்க நாட்டுலயேதான் ஆச்சி."

"அதுக்கு இருந்த எடத்துலயே இருந்திருக்கலாம்லா."

எப்போதும்வென்றான் ஆச்சி சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பங்குனியில் அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த சில நாளிலேயே தட்டில் பாதியை வைத்தாள். பிறகு சோறு ஊறிய நீச்சுத்தண்ணி ஒரு கையோடு நிறுத்திக்கொண்டாள். டாக்டர் வந்து பார்த்து, நோய் ஒன்றுமில்லை, ஆனால் இப்படியே போனால் ஆள் தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் சாப்பிடவில்லை என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"சும்மா இருந்துக்கிட்டு எப்படி திங்க, தாயி?"

"நாங்கல்லாம் திங்கலயா?" என்றாள் கழுகுமலை ஆச்சி. "நீ என்ன ஜமீனா, ரோசம் பாக்க?"

"நீ தின்னு. ஒன்ன யாரு வேண்டாம்னா."

இதை மதரிடம் சொன்னேன். அடுத்த வாரம் வண்ணக் காகிதமும் கம்பியும் வாங்கி வைத்திருந்தார். ஆச்சிகள் காகிதப்பூ செய்தார்கள். எப்போதும்வென்றான் ஆச்சியும் எழுந்து உட்கார்ந்து நாலைந்து பூ சுற்றினாள். பிறகு, "இத யாரு வாங்குவா?" என்று கேட்டாள். யாரும் வாங்கமாட்டார்கள், உங்கள் சந்தோஷத்துக்குத்தான் என்றார் மதர். ஆச்சி கையிலிருந்த பூவைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டாள். ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற தீப்பெட்டி ஒட்டும் வேலையைக் கேட்டு வாங்கலாமா என்றேன். மதருக்கு விருப்பமில்லை. "பூராப் பேரும் ஓஞ்சு போயி வந்திருக்காங்க. இங்க வந்தும் பெட்டிக் கணக்கா?" என்றார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் போனபோது, வேப்பமரத்தடியில் இரண்டு சாக்குப் பருத்திக்காய் கொட்டிக் கிடந்தது. மகசூல் முடிகிற சமயத்தில், செடியில் சரியாக வெடிக்காமல் நிற்கும் காய்களை அப்படியே பறித்து வந்து, வெயிலில் காயப்போட்டு, ஓட்டை உடைத்துப் பஞ்சை எடுப்பார்கள். இடைசெவலில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவரிடம் கேட்டு வாங்கியதாக மதர் சொன்னார். பஞ்சு இல்லத்துத் தலையணைகளுக்கு.

காய் உடையும் சத்தம் கேட்டுத்தான் எப்போதும்வென்றான் ஆச்சி வெளியே வந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உட்கார்ந்தாள். அதற்கப்புறம் சாயங்காலம்வரை தலை நிமிரவில்லை. ஓட்டுத்தூள் ஒட்டாமல் பஞ்சு அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டே போனது. மதர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். மணி அடித்ததும் இளைய சிஸ்டர் ஒருவர் போர்வையை விரித்து, எல்லார் பஞ்சையும் ஒன்றாக அள்ளிக் கட்டி, சாமான் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவள் மட்டும் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் காலையில் இருந்ததைவிட மோசமாக இருந்தது.

எங்களுக்குப் புரியவில்லை. மதர் நாகர்கோவில் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். நான் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். கழுகுமலை ஆச்சிதான் கை கழுவப் போனவள் திரும்பி வந்தாள்.

"கூறு வைக்காம அள்ளிட்டுப் போயிட்டியளே மதர்? அவ எப்படி எந்திரிப்பா?"

கரிசக்காட்டில் பருத்தி எடுப்பதற்குக் கூலி பருத்திதான். எடுத்தவளே தன் பருத்தியைச் சமமான குவியல்களாகப் பிரித்துக் கூறு வைக்க வேண்டும். எந்தக் கூறு அவளுக்குக் கூலி என்று சம்சாரி கை காட்டுவார். மேலே ஒரு கை அள்ளியும் போடுவார். அது முடிந்தால்தான் அன்றைய வேலை முடிந்தது.

மதர் தயங்கினார். "இல்லத்துல இருக்கவங்களுக்குக் கூலியா? வயசானவங்கள வச்சு வேல வாங்குதோம்னு வெளிய பேச மாட்டாங்களா?"

எப்போதும்வென்றான் ஆச்சி அப்போதுதான் வாய் திறந்தாள். "கூறு இல்லன்னா அது வெளையாட்டுல்லா மதர். நா என்ன சின்னப்புள்ளயா?"

 மதர் தானே போய் மூட்டையைத் தூக்கி வந்து அவிழ்த்தார். ஆச்சி தான் எடுத்த அளவுக்குப் பஞ்சைப் பிரித்துக் கூறு வைத்தாள். ஒன்றிலிருந்து கிள்ளி இன்னொன்றில் போட்டு, தள்ளியிருந்து பார்த்து, மறுபடி கிள்ளினாள். மதர் ஓரத்துக் கூறைக் காட்டினார். ஆச்சி முந்தியை விரித்துப் பிடித்தபடியே நின்றாள்.

"மேல ஒரு கை போடுங்க" என்று கழுகுமலை ஆச்சி முணுமுணுத்தாள். மதர் போட்டார்.

அன்று எப்போதும்வென்றான் ஆச்சி இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினாள். திங்கட்கிழமை வாசலுக்கு வந்த மிட்டாய்க்காரரிடம் பருத்தியைக் கொடுத்துச் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கி, எல்லாருக்கும் பங்கு வைத்தாள் என்றும், முதல் பங்கு மதருக்கு என்றும் இளைய சிஸ்டர் சொன்னார். அதிலிருந்து இல்லத்தில் எல்லாருக்குமே கூறு வைக்கும் வழக்கம் வந்தது. கோடைக்குக் கோடை இரண்டு சாக்கு வரும்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. புஞ்சைகளில் செடி முழங்காலுக்குக்கூட வரவில்லை. இந்த முறை பருத்தி இல்லை என்றே நினைத்தேன். ஆனால் இரண்டு சாக்கும் வந்து இறங்கின. எப்போதும்வென்றான் ஆச்சி ஒரு காயை உடைத்தாள். பஞ்சை விரலில் இழுத்துப் பார்த்தாள்.

"இது யாரு புஞ்சப் பருத்தி மதர்?"

"அதே இடைசெவல் பருத்திதான் ஆச்சி."

அவள் உடைத்த காயைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். நமக்காக விலைக்கு வாங்கியது என்று நினைத்து, வேண்டாம் என்று எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். மதர் முகத்திலும் அதே பயம் தெரிந்தது. பிறகு அடுத்த காயை எடுத்து உடைக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் கூறு வைத்தபோது வழக்கத்தைவிட ஒரு கூறு கூடுதலாக வைத்தாள். அதனால் அவள் பங்கு சிறுத்துவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

"வெள்ளாம இல்லாத வருசம்லா. கூறு சிறுசாத்தான் இருக்கும்."

மதர் கை காட்டினார். மேலே ஒரு கை போட்டார். ஆச்சி முந்தியை முடிந்துகொண்டு சாப்பிடப் போனாள்.

அந்த வருஷத்துச் சாக்குகள் எங்கிருந்து வந்தன என்று பின்னால் விசாரித்தேன். வண்டிக்காரர் சாத்தூர்ப் பக்கம் ஏற்றியதாகச் சொன்னார். ஆனால் அவர் வருஷங்களை மாற்றிச் சொல்லுகிறவர். இடைசெவல் சம்சாரிக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் பருத்தி இருந்தது என்றும் கேள்வி. கேட்கலாமென்றால், அதற்குள் மதர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பருத்தி விளைந்ததா, விலைக்கு வாங்கியதா என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.