எட்வேட்டின் ஏழாவது புத்தகம்

நோர்வேயில், வெஸ்ட்லியில் குடியிருக்கும் எழுத்தாளர் எட்வேட் பிழைப்புக்கு பஸ் ஓட்டுவார். மிச்ச நேரமெல்லாம் ஒஸ்லோத் தமிழருக்கு இலக்கியம் தெரியாது என்று திட்டுவார். இருபது வருடத்தில் ஆறு கதைத்தொகுப்புகள். ஆறும் சென்னையில் அச்சாகி, இங்கே பள்ளிக்கூட மண்டபங்களில் வெளியிடப்பட்டு, வாங்கியவர்களின் அலுமாரிகளில் நன்றாக உறங்குகின்றன. ஒருவராவது முழுதாக வாசித்துவிட்டு வந்து தன்னோடு கதைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய ஆசை. வெளியில் மட்டும், "எனக்கு வாசகர் தேவையில்லை" என்று சொல்லித் திரிவார்.

ஏழாவது தொகுப்பு, விடுமுறைக்குச் சென்னை போய்வந்த நண்பர் பிரதீப்பின் சூட்கேஸில் வந்து சேர்ந்தது. வெளியீட்டு விழாவன்று காலைதான் எட்வேட் மண்டபத்தில் வைத்துப் புத்தகக் கட்டைப் பிரித்தார். அட்டை அவருடையது, படமும் முன்னுரையும் சரி. அதற்குப் பிறகு வேறு யாரோ எழுதிய கதைகள். அச்சகத்தில் உள்பக்கங்களை மாற்றிக் கட்டிவிட்டார்கள். எல்லாப் பிரதியும் அப்படியே.

"விழாவை நிப்பாட்டுவமோ?" என்று மனைவி மரியரஞ்சனி கேட்டாள்.

"விசரே உனக்கு? வடைக்கும் சொல்லியாச்சு. ஆர் திறந்து பார்க்கப் போகினம்?"

"அப்ப ஏனப்பா எழுதுறீங்கள்?"

அவர் கண்ணாடியில் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

விழா அமர்க்களமாக நடந்தது. ஆய்வுரைக்கு வந்த இரவீந்திரன், பின்னட்டையை மட்டும் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் கதைகளைப் பிழிந்தெடுத்தார். முதற்பிரதி வாங்கிய நகைக்கடைக்காரர், படம் பிடித்து முடிந்ததும் அதைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார். எட்வேட் போட்ட கணக்கில் ஒரு பிசகும் இல்லை. தன் சனத்தை இவ்வளவு நிம்மதியாக அவர் ஒருநாளும் வெறுத்ததில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில் புஷ்பமலர் அவரை மறித்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள்.

"எட்வேட் அண்ணை, உங்கடை புத்தகம் வாசிச்சு முடிச்சிட்டன்."

எட்வேட் ரயில் நேரம் காட்டும் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"குறை நினைக்காதேங்கோ, முந்தின ஆறையும் வாங்கினனான். ஒண்டிலும் இருபது பக்கம் தாண்ட ஏலாமல் போச்சு. இது அப்பிடியில்லை. பிள்ளையை விட்டிட்டுப் போற தாயின்ரை கதை... ரயிலுக்குள்ளை இருந்து அழுது, இறங்கிற இடமும் தவறிப்போச்சு. எப்பிடி அண்ணை உங்களாலை இப்பிடி எழுத முடிஞ்சது?"

ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. உண்மையைச் சொல்ல அது தாராளமாகப் போதும்.

"எல்லாம் அனுபவம்தான், தங்கச்சி" என்றார் எட்வேட்.

அவள் கைப்பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தத் தாயின் கதையை விரித்துப் பேனையோடு நீட்டினாள்.

"இந்தப் பக்கத்திலையே போட்டுத் தாங்கோ."

பெரிதாக, தேதியும் இட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.