தண்டையார்பேட்டையில் ஒரு சிபி

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு கூட்டம். சிபிச் சக்கரவர்த்தியைப் பற்றி நான் பேச வேண்டும். ஆறு மணிக்குக் கூட்டம். மூன்று மணி வரை ஒரு வரிகூடத் தயாரிக்கவில்லை. (என்னைத் தெரிந்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்!) பக்கத்துத் தெரு நண்பர் காதர் பாய் வீட்டு மொட்டை மாடியில் காற்று வரும், உட்கார்ந்து குறிப்பு எழுதலாம் என்று போனேன்.

போனால்... அங்கே புறாப் பந்தயம்!

காதர் பாய் டோல்கேட் பக்கம் லாரி மெக்கானிக். உயிர் மட்டும் புறாக் கூண்டில். காலை ஆறு மணிக்கு அவர் பறக்கவிட்ட புறா, இன்னமும் வானத்தில் புள்ளியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர் அணிப் புறா முந்தின வாரமே பறந்து முடித்துவிட்டது. அது வானத்தில் நின்ற நேரத்தைத் தாண்ட இன்னும் இருபதே நிமிடம். தாண்டினால் கோப்பை.

"பதினோரு வருசம் சார்... ஒரு தபாகூட கோப்பை நம்ம வூட்டுக்கு வர்ல" என்றார்.

எதிர் அணி ஆள்தான் அம்பயராக வந்து உட்கார வேண்டும் என்பது பந்தய வழக்கம். சேகர் என்பவர் கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். புறா தானாகத்தான் இறங்க வேண்டும். கூண்டைத் திறந்து மற்ற புறாக்களைக் காட்டினால் ஓடி வந்துவிடும் — ஆனால், காட்டியவர் அவுட்.

அப்போது பார்த்து வல்லூறு வந்தது.

"பைரி!" என்று அலறினார் காதர் பாய். புள்ளிக்கு மேலே இன்னொரு புள்ளி. ஒரு பாய்ச்சல். தவறிவிட்டது. மறுபடி மேலே ஏறியது. இவர் கை கூண்டுக் கதவில்.

"மாமு, தொறக்காத! கொஞ்ச நேரம்தான், தப்பிச்சிரும்!" — கத்தியது யார் தெரியுமா? சேகர். எதிர் அணி அம்பயர்!

"தப்பிக்கலன்னா? என்னிய நம்பித்தான நைனா அது மேல சுத்திகினு கீது?"

கதவைத் திறந்துவிட்டார்.

மாடி முழுக்கப் புறாக்கள். மேலே இருந்தது சர்ரென்று இறங்கி அவர் காலடியில் வந்து ஒண்டிக்கொண்டது. வல்லூறு தண்ணீர்த் தொட்டி வரை வந்துவிட்டு, துறைமுகப் பக்கம் போய்விட்டது. சேகர் தலையைக் குனிந்துகொண்டே நோட்டில் எழுதினார். அவுட்.

எனக்கு வந்ததே கோபம்! "சனியன் பிடித்த வல்லூறு" என்று திட்டினேன்.

"திட்டாத சார். அதுக்கும் பசிக்கும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிபி தன் தொடையை அறுத்துக் கொடுத்ததைத்தானே எல்லோரும் பெரிதாகப் பேசுகிறோம்? அடைக்கலம் தேடி வந்த புறாவைத் துரத்திக்கொண்டு பருந்து வந்து, "என் இரையைக் கொடு" என்று கேட்டபோது, அந்த ராஜா அதை விரட்டவே இல்லையே! ஓர் அம்பு போதாதா? அதன் பசியும் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டான். நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொண்டான். புறாவுக்கு இரங்க நல்ல மனசு போதும். பருந்துக்கும் நியாயம் செய்ய... அதற்கு ராஜாவாக இருக்க வேண்டும்.

காதர் பாய் புறாவுக்குத் தண்ணீர் வைத்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கைலி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

ஆறு மணிக்கு மேடையில் இதையேதான் பேசினேன். செம கைத்தட்டல். முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் — ஆள் மாற்றி!